அம்மாவின் விரலும் 24 பிக்ஸலும்

எபிசோடில் சொல்ல நேரமில்லாமல் போன விஷயம் இது. பிக்கரிங்கில் ஒரு கடை, செல்ஃப் செக்கவுட். அம்மா இடக்கையில் பையைப் பிடிச்சபடி வலக்கையால் திரையைத் தட்டுறா. பட்டனுக்குக் கிட்டப் போனதும் விரல் மெதுவாகி, கொஞ்சம் திருத்தி, பிறகுதான் தொடுது. அதுக்குள்ள திரை பழையபடி முதல் பக்கத்துக்குப் போட்டுது. "எனக்குக் கையும் ஏலாமப் போச்சு" எண்டா.

ஏலாமல் போகேல்லை அம்மா. வயசு போனால் கை இலக்கை நெருங்குற கடைசிக் கட்டம் நீளும். பிழை விடாமலிருக்க மூளை வேகத்தைக் குறைக்கும். ரெண்டு கையும் வேற வேற வேலை செய்தால் இன்னும் கஷ்டம். இது நோயில்லை.

இலக்கு சின்னனானால் நேரம் கூடும் எண்டு ஃபிட்ஸ் 1954இலேயே காட்டிட்டார். நாங்கள் எல்லாரும் படிச்சதுதான். ஆனால் ஒன்ராறியோ விதிகள் இணையத்தளங்களிடம் கேட்பது 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0. அதில் பட்டன் அளவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2023இல் வந்த 2.2, டபுள் ஏ தரத்துக்கு 24 பிக்ஸல் கேட்குது. என்னைக் கேட்டால் அதுவும் காணாது, 44 வேணும். அந்த எண் ட்ரிபிள் ஏ தரத்தில் இருக்கு, ஆரும் தொடுறதில்லை.

இப்ப செய்யிற கான்ட்ராக்டில் 44 கேட்டுப் பார்த்தன். "வடிவில்லை" எண்டு பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் திரும்பவும் கேட்கப்போறன்.