சுவர் வியர்ப்பதேன்?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கடற்கரை ஊர்களின் இல்லங்களில் சில அடையாளங்கள் தோன்றும். ஜாடியில் உப்புக் கசியும். அப்பளம் நமுத்துப் போகும். தீக்குச்சி எத்தனை முறை உரசினாலும் பற்றாது. பீரோவைத் திறந்தால் பூஞ்சண நாற்றம் முகத்தில் வந்து மோதும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். தம் வீட்டுக் கீழறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருப்பதாகவும், அவ்வறையில் படுக்கும் குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வருவதாகவும் கூறுகிறார். சிதம்பரத்திலுள்ள அவருடைய தமையனார் ஈரம் வாங்கும் சிறு யந்திரம் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறாராம். தொட்டியில் தினந்தோறும் நீர் சேர்கிறதாம். ஆனால் சுவர் மட்டும் காயவில்லையாம். தாமும் ஒன்று வாங்கலாமா என்பது சகோதரியின் கேள்வி. அவர் தமையனாரைப் பற்றி எழுதியிருப்பதிலேயே விடையில் பாதி அடங்கியிருக்கிறது.

காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. உஷ்ணமான காற்று மிகுதியாகவும் குளிர்ந்த காற்று குறைவாகவும் அதைத் தாங்கும். முப்பது டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். இருபது டிகிரியிலோ சுமார் 17 கிராம்தான். ஆகவே ஈரக்காற்று குளிர்ந்த பொருளைத் தொட்டதும், தாங்க முடியாத மிச்சத்தை அதன்மேல் துளிகளாக இறக்கிவிடுகிறது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பு வியர்ப்பதும், குளிர்சாதனம் ஓடும் அறையின் ஜன்னல் கண்ணாடி வெளிப்புறம் வியர்ப்பதும் இக்காரணத்தினாலேயே.

யந்திரமும் இதே தந்திரத்தைத்தான் கையாளுகிறது. உள்ளே ஒரு தகட்டைக் குளிரச் செய்து, அறைக் காற்றை அதன்மேல் ஓட்டி, வடியும் நீரைத் தொட்டியில் பிடிக்கிறது. சிறிய யந்திரங்களில் பெரும்பாலானவை, பிரான்சு தேசத்துப் பெல்த்தியே 1834-ஆம் ஆண்டில் கண்டறிந்த உண்மையைக் கொண்டு இயங்குபவை. இருவகைப் பொருள்கள் சேரும் இடத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்பதே அது. பெரியவை குளிர்ப்பெட்டியைப் போல் கம்ப்ரஸர் உள்ளவை; இவற்றின் ஆற்றல் பன்மடங்கு அதிகம்.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரமுள்ள அறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று உண்டு. மழைநாளில் இருபத்தெட்டு டிகிரி உஷ்ணமும் நூற்றுக்குத் தொண்ணூறு ஈரப்பதமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை அறுபதுக்கு இறக்க ஏறக்குறையக் கால் லிட்டர் நீரை எடுக்கவேண்டும். மிகச் சிறிய யந்திரத்துக்கு இது ஏறத்தாழ ஒரு நாள் வேலை. ஜன்னல் திறந்திருந்தாலோ ஒரு மணி நேரத்துக்குள் அறைக் காற்று முழுவதும் மாறி, அந்தக் கால் லிட்டரும் திரும்ப வந்துவிடும்! போதாக்குறைக்கு அறையிலேயே ஈரத்துணியை உலர்த்தினால், அதிலுள்ள நீரும் காற்றில்தான் கலக்கிறது. கடலை ஏற்றம் போட்டு இறைப்பதற்கு இது ஒப்பாகும்.

ஆதலால் முதலில் ஈரம் வரும் வழியை அறியவேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் அகலமுள்ள பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறைப்பக்கம் துளிகள் நின்றால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்குப் பின்னே, சுவர்ப்பக்கம் நின்றால் சுவரே நீரைக் குடித்திருக்கிறது என்று பொருள். அடிச்சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்வதும் இதற்கு அடையாளம். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு இது புதிதன்று. இத்தகைய சுவருக்கு வேண்டியவர் கொத்தனார், யந்திரமன்று. ஒழுகும் குழாயையும் தளத்தையும் செப்பனிடாமல், காயாத சுவரின்மேல் வர்ணம் பூசுவதும் வீண்செலவே.

காற்றின் ஈரத்தை அளக்கச் சிறு ஈரமானி போதும். அது இல்லாவிட்டால் உப்பு ஜாடியைக் கவனியுங்கள். தூய உப்பு, ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால்தான் கசியும். மக்னீஷியம் கலந்த கல்லுப்பு அதற்கு முன்பே கசியத் தொடங்கும். எழுபதுக்கு மேல் ஈரம் பல நாள் நீடித்தால் பூஞ்சணம் செழிக்கும்.

அப்படியானால் யந்திரத்தால் பயனே இல்லையா? உண்டு, மூடிய சிறிய இடத்தில் உண்டு. காகிதத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள பகை பழையது. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் குளிர்சாதன முறையை வகுத்ததே, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து வர்ண அச்சு பிசகியதைத் தடுக்கத்தான். நம் சிதம்பரத்திலோ, தேவார ஏடுகளிற் பெரும்பகுதி கோயில் அறையிலேயே செல்லரித்துப் போயின என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஈரம் தங்கும் இடத்தைச் செல் விரும்பும். புத்தகங்களும் பத்திரங்களும் உள்ள அறையைச் சாத்தி வைத்து, அங்கே யந்திரத்தை ஓட்டினால் பணம் வீணாகாது. ஒற்றைப் பீரோவுக்கு யந்திரமும் வேண்டியதில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். அவற்றைச் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் வைக்கலாம்.

குளிர்சாதனம் உள்ள வீட்டார் ஒன்றை நினைவிற் கொள்வது நலம். அதன் குழாயிலிருந்து வடிவது அறைக் காற்றின் ஈரமே. ஈரம் நீக்குவதற்கென்று தனி ஏற்பாடும் பெரும்பாலான சாதனங்களில் உண்டு. ஆனால் அறையை மிகவும் குளிரவைத்தால் அடுத்த அறையின் சுவர் வியர்க்கும்.

சகோதரிக்கு நமது அபிப்பிராயம் இதுவே. குழந்தையை இன்றே வேறு அறையில் படுக்க வையுங்கள். இளைப்புக்கு வைத்தியரிடம் காட்டுங்கள். பாலிதீன் சோதனையைச் செய்து பாருங்கள். ஈரத்துணியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நாழிகையில் ஜன்னல்களைத் திறந்து, மழை பெய்யும்போது மூடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். சுவரே நீரைக் குடித்திருந்தால் பணத்தைக் கொத்தனாருக்குக் கொடுங்கள். காற்றின் ஈரம்தான் காரணமென்றால், அறையின் அளவுக்கேற்ற கம்ப்ரஸர் யந்திரத்தை வாங்கி, கதவைச் சாத்தி ஓட்டுங்கள். கொசு முட்டையிடாதபடி தொட்டியை நாள்தோறும் கவிழ்த்துவிடுங்கள்.

தொட்டியில் நீர் நிறைவதைக் கண்டு மகிழ்வதில் பயனில்லை. சுவர் காய்கிறதா என்பதே பார்க்கவேண்டியது.