பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுகளைத் தமிழில் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மறுகுடியமர்வுக் குடியிருப்பு,
சென்னைத் தெற்குப் புறநகர்.

பெறுநர்
மதிப்பிற்குரிய துறைச் செயலாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: நகரத் திட்டமிடல், வீட்டுவசதி, பண்பாட்டுக் கொள்கை ஆகியவற்றுக்காக அரசுச் செலவில் நடத்தப்பட்ட ஆய்வுகளின் அறிக்கைகளைத் தமிழில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் சங்கத்தின் முந்தைய கடிதங்களும் அவற்றுக்கு வந்த இடைக்காலப் பதில்களும்.
2. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4.
3. அப்பிரிவின் அமலாக்கம் குறித்து உச்ச நீதிமன்றம் 17.08.2023 அன்று வழங்கிய தீர்ப்பு.

ஐயா / அம்மா,

கூவம், அடையாறு கரைகளிலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களை உறுப்பினர்களாகக் கொண்ட எங்கள் சங்கம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு பெற்றது.

இந்த மனுவில் உள்ள முதன்மைக் கோரிக்கை புதியதன்று. முன்பே எழுதியதைத்தான் மறுபடியும் எழுதுகிறோம். எங்கள் முதல் இரண்டு கடிதங்களுக்கும் வந்த பதில்கள் "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே வரியில் முடிந்தன. யாருக்கு அனுப்பப்பட்டது, அவர் என்ன முடிவெடுத்தார் என்ற விவரம் எதிலும் இல்லை. எனவே, பழைய கோப்புகள் கைக்கு எட்டாமல் போனாலும் இந்த மனு ஒன்றே போதும் என்னும்படி, அவற்றில் எழுதியதை இங்கே விரிவாகத் தருகிறோம்.

எங்கள் முதல் கடிதம் ஆற்றங்கரையில் நடந்த கணக்கெடுப்பைப் பற்றியது. நாங்கள் அங்கே குடியிருந்தபோது அதிகாரிகளும் ஆய்வுக் குழுவினரும் வீடு வீடாக வந்தார்கள். கதவில் பெயின்ட்டால் எண் எழுதினார்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், நாள் கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் காத்திருந்து பதில் சொன்னோம். நுங்கம்பாக்கத்திலும் ஆழ்வார்பேட்டையிலும் வீட்டு வேலை செய்த பெண்கள், வேலை செய்யும் வீடு நடந்து போகும் தூரத்தில் இருப்பதால்தான் குடும்பம் ஓடுகிறது என்று தெளிவாகச் சொன்னார்கள். மீன் விற்றவர்களும் பூக்கட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் அவரவர் பிழைப்பைச் சொன்னார்கள். இவ்வளவையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, 20 கிலோமீட்டருக்கும் அப்பால் வீடு ஒதுக்கப்பட்டது. நாங்கள் சொன்னது அறிக்கையில் இருக்கிறதா, இருந்தும் ஒதுக்கித் தள்ளப்பட்டதா? அதை அறியவே அறிக்கையைக் கேட்டோம்.

அடுத்த கடிதம் இங்கே வந்த பிறகு நடந்த ஆய்வுகளைப் பற்றியது. இம்முறை கையில் டேப்லெட்டுடன் வந்தார்கள். லிஃப்ட் ஓடுகிறதா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, வேலையை விட்டவர்கள் எத்தனை பேர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்டதால் படிப்பை இழந்த பிள்ளைகளின் தாய்மார்கள் அழுதபடியே பதில் சொன்னார்கள். அந்த ஆய்வின் முடிவும் எங்களுக்கு வரவில்லை.

மூன்றாவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்தோம். அறிக்கை இன்னும் இறுதி செய்யப்படவில்லை என்றும், அது ஆலோசனை நிறுவனம் தயாரித்த ஆவணம் என்றும் பதில் வந்தது. அந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு எடுத்த முடிவு மட்டும் இறுதியாகி, நடைமுறைக்கும் வந்து, நாங்கள் அதற்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

கோரிக்கை 1: ஆற்றங்கரைக் குடியிருப்புகளை அகற்றுவதற்கு முன்பும் மறுகுடியமர்வுக்குப் பின்பும் அரசுச் செலவில் நடத்தப்பட்ட எல்லாச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புகள், தாக்க மதிப்பீடுகள், இடத்தேர்வு ஆய்வுகள், வெள்ள அபாய ஆய்வுகள் ஆகியவற்றின் முழு அறிக்கைகளையும் தமிழில் வெளியிட வேண்டும்.

இதற்கு நாங்கள் சார்ந்து நிற்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ம் பிரிவு. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் அவை சார்ந்த எல்லா உண்மைகளையும் அரசு அமைப்பு வெளியிட வேண்டும் என்கிறது 4(1)(c). நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை அவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டும் என்கிறது 4(1)(d). வெளியிடும்போது அந்தப் பகுதியின் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 4(4). யாரும் மனுப் போட்டுக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தானாக முன்வந்து வெளியிடுவதே இந்தப் பிரிவு விதிக்கும் கடமை. நாங்கள் மனுப் போட நேர்ந்ததே அந்தக் கடமை நிறைவேறவில்லை என்பதற்குச் சான்று. இப்பிரிவு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதால்தான், அதன் அமலாக்கத்தை மத்திய, மாநிலத் தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

ஆலோசனை நிறுவனம் தயாரித்தது என்ற காரணத்தை எங்களால் ஏற்க முடியாது. அதற்குக் கூலி கொடுத்தது அரசு. அறிக்கை அரசின் கையில் இருக்கிறது. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அறிக்கை எதுவும் 'தகவல்' என்ற வரையறைக்குள் வரும் என்பது அதே சட்டத்தின் 2-ம் பிரிவிலேயே இருக்கிறது. தனிநபர் விவரம் என்று மறுப்பதற்கும் இடமில்லை. யாருடைய பெயரையும் ஆதார் எண்ணையும் நாங்கள் கேட்கவில்லை. அவற்றை நீக்கிவிட்டு மற்றதைத் தர 10-ம் பிரிவு வழி செய்கிறது.

பணம் உலக வங்கியிலிருந்து வந்ததாக இருந்தாலும் நிலைமை மாறாது. 2020-ல் தமிழ்நாட்டின் வீட்டுவசதித் துறைக்காக உலக வங்கி 25 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கடனைத் திருப்பிக் கட்டுவது மக்களின் வரி. தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிற எங்களுக்கும் அதில் பங்குண்டு.

முன்னுதாரணமும் இருக்கிறது. தூரத்தில் தேட வேண்டியதில்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கை செய்யப்பட்டன. மெட்ராஸ் குடிசைப் பகுதிகளின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வாரியமே 1975-ல் நூலாக வெளியிட்டது. கணினி இல்லாத காலத்தில், அச்சுக் கோத்து, ஏழைகளைப் பற்றிய கணக்கை ஓர் அரசு அமைப்பு ஊரறிய வைத்தது. இன்று அறிக்கை முழுவதும் கணினியில் இருக்கிறது. இணையத்தில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. 1975-ல் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை என்பதற்கு எழுத்தில் காரணம் வேண்டுகிறோம்.

அதைவிட அண்மைய உதாரணம் ஒன்று. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைப் பற்றி மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்ற அதன் முடிவு சட்டமன்றத்திலிருந்து டீக்கடை வரை எல்லோருக்கும் தெரியும். அந்த ஆய்வை வெளியிட்டதை மனமார வரவேற்கிறோம். அந்தப் பேருந்தில்தான் எங்கள் பெண்களும் விடியுமுன் வேலைக்குப் போகிறார்கள். நல்ல முடிவு வந்த ஆய்வை மக்களிடம் கொண்டுசேர்க்க முடிகிற அரசுக்கு, கசப்பான முடிவு உள்ள ஆய்வையும் அதே மக்கள் முன் வைக்கும் கடமை இருக்கிறது. தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்தால்தானே அடுத்த குடும்பத்துக்கு அது நேராமல் தடுக்க முடியும்?

எல்லாவற்றிலும் எங்களை அதிகம் வருத்துவது வெள்ளம் பற்றிய கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரை ஆபத்தானது, உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லித்தான் எங்களை எழுப்பினார்கள். கொண்டுவந்து விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் தலமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது. மழைநீரைத் தாங்கி வைப்பது அதன் இயல்பு. இதே பகுதியில், சுனாமிக்குப் பிறகு கடற்கரை மக்களையும் குடியமர்த்திய செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். பெருமழை பெய்தால் அங்கே தெருக்களில் தண்ணீர் தேங்குவதைச் சென்னை முழுவதும் அறியும். பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எட்டு மாடிக் கட்டடங்களாக எழுந்தன. இந்த இடங்களைத் தேர்ந்தெடுக்குமுன் வெள்ள அபாய ஆய்வு நடந்ததா? நடந்திருந்தால் அதைக் காட்டுங்கள். நடக்கவில்லை என்றால் அதையே எழுத்தில் தெரிவியுங்கள். இரண்டில் எதுவானாலும் தெரிந்துகொள்ளும் உரிமை, முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கு இருக்கிறது.

வேறு வழி இருந்ததா என்றும் கேட்கிறோம். 1977-ல் தொடங்கிய மெட்ராஸ் நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தந்து, வீட்டை மக்களே படிப்படியாகக் கட்டிக்கொள்ள விட்டார்கள். அந்த மனைப்பிரிவுகள் இன்று நகரத்தோடு கலந்துவிட்ட குடியிருப்புகள். அந்த அனுபவத்தைக் கைவிட்டுப் புறநகரில் அடுக்குமாடி என்று முடிவெடுத்தபோது எந்த ஆய்வு முன்வைக்கப்பட்டது? 4(1)(d) தரச் சொல்லும் காரணம் இதுதான். 2021-ல் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கையின் வரைவை வெளியிட்டு அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. அந்தக் கொள்கையின் அடியில் இருக்கும் ஆய்வுகளைப் பார்க்காமல் எந்தக் கருத்தை எங்களால் சொல்ல முடியும்?

பட்டா நிலத்தை அரசு கையகப்படுத்தினால், 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 6-ம் பிரிவுப்படி சமூகத் தாக்க ஆய்வறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும். நிலம் உடையவருக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, புறம்போக்கில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கும் கிடைக்க வேண்டும். எங்களிடம் பட்டா இருந்ததில்லை. ஆனால் வாக்காளர் அட்டை இருந்தது, அரசு கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள் இருந்தன.

தமிழில் என்று அழுத்திக் கேட்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் உத்தரவிட்டது. எங்களிடம் கேள்விகளைத் தமிழில்தான் கேட்டார்கள். நாங்களும் தமிழில்தான் பதில் சொன்னோம்.

கோரிக்கை 2: சென்னைப் பெருநகருக்கு 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாம் முழுமைத் திட்டத்துக்காக நடத்தப்படும் ஆய்வுகளைத் தமிழில் வெளியிட்ட பிறகே கருத்துக் கேட்புக் காலம் தொடங்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டங்களை மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்த வேண்டும்.

கோரிக்கை 3: அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் எங்கள் குடியிருப்புகளில் ஆய்வு செய்ய அனுமதி கோரும்போது, முடிவுகளின் சுருக்கத்தைத் தமிழில் சங்கத்திடம் ஒப்படைப்பதை நிபந்தனையாக்க வேண்டும்.

கோரிக்கை 4: பண்பாட்டுத் துறையில் நடத்தப்படும் கணக்கெடுப்புகள் கட்டடங்களோடு நின்றுவிடக் கூடாது. நகரின் பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட நீதிபதி பத்மநாபன் குழு அமைந்ததுபோல, ஆற்றங்கரைக் குடியிருப்புகள் கலைக்கப்பட்டதால் சிதறிய கானா, பறை, தெருக்கூத்துக் குழுக்களைப் பற்றியும் ஓர் ஆய்வு நடத்தி வெளியிட வேண்டும். சென்னை சங்கமம் விழாவின் மேடைகளில் ஒன்று மறுகுடியமர்வுப் பகுதியில் அமைய வேண்டும்.

கோரிக்கை 5: இந்த அறிக்கைகள் அனைத்தின் அச்சுப்படிகளையும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் குடியிருப்புப் பகுதிகளின் கிளை நூலகங்களிலும் வைக்க வேண்டும்.

கோரிக்கை 6: கணக்கெடுக்க வருவோர் அடையாள அட்டை அணிந்து வர வேண்டும், பதிவு செய்த விவரங்களின் நகலைக் குடும்பத்தாரிடம் தர வேண்டும்.

2 முதல் 6 வரையுள்ளவற்றைப் படிப்படியாக நிறைவேற்றலாம். முதல் கோரிக்கைக்குக் கால அவகாசம் தர எங்களால் இயலாது. ஆற்றங்கரைகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய கதவுகளிலும் எண் எழுதப்படலாம். எங்களிடமிருந்து திரட்டிய விவரங்கள் அவர்களுக்காவது பயன்பட வேண்டும்.

இம்மனு கிடைத்த 30 நாட்களுக்குள், முதல் கோரிக்கையில் குறிப்பிட்ட ஒவ்வோர் ஆய்வுக்கும் அதன் தலைப்பு, நடத்தியவர், ஆன செலவு, முடிந்த நாள், வெளியிடப்படும் நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்துமூலமான பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பதில் வராவிட்டால் 4-ம் பிரிவின் அமலாக்கம் குறித்து மாநிலத் தகவல் ஆணையத்திடம் முறையிடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
சங்கப் பொதுக்குழுவின் தீர்மானப்படி.

நகல்: தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட ஆட்சியர், மாநிலத் தகவல் ஆணையம்.