மகிழம் இருக்க பிர்ச் எதற்கு?

இந்த வாரம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். புது வீடு கட்டிய நண்பர், 'வீப்பிங் பிர்ச்' என்று ஒரு கன்றை நர்சரியில் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்துவிட்டார். வெள்ளைப் பட்டையும் சடை சடையாகத் தொங்கும் கிளைகளுமாய் ஒரு படத்தைக் காட்டி அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழும் மரம் அது. அதன் இமயமலை உறவான பூர்ஜ மரம் 3,000 மீட்டர் உயரத்துக் குளிரில் தழைப்பது. அதன் பட்டையில்தான் காஷ்மீரத்தில் ஏடு எழுதினார்கள். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும் திருவண்ணாமலையில் இந்தக் கன்று எப்படிப் பிழைக்கும்? கிளை தொங்கத்தான் வேண்டுமென்றால் நெட்டிலிங்கம் இருக்கிறதே!

நண்பரை மகிழம் வைக்கச் சொன்னேன். இந்தப் பத்தியில் மகிழத்துக்காக நான் வாதாடுவது வழக்கமான வாசகர்களுக்குப் புதிதல்ல. அண்ணாமலையார் கோயிலின் தல விருட்சமே அதுதான். அந்த மரத்தருகே நின்றால் ஒன்பது கோபுரங்களையும் பார்க்கலாம் என்று வெளியூர்க்காரர்களை அழைத்துப் போய்க் காட்டுகிறோம். கோபுரங்களைப் பார்த்தவர்கள் மரத்தையும் ஒரு நிமிடம் பார்க்கக் கூடாதா?

திருவொற்றியூரிலும் மகிழம்தான். தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சன்னிதியில் சத்தியம் செய்ய நினைத்தார். அந்தச் சத்தியம் தம்மைக் கட்டாதிருக்க, அந்த நேரம் மட்டும் மகிழடியில் எழுந்தருளும்படி இறைவனிடம் வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழடியிலேயே சத்தியம் கேட்கச் சொல்லிவிட்டார். பெரிய புராணம் சொல்லும் கதை இது. வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரர் கண்ணொளி இழந்தார். இன்றும் அங்கே மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயரும் வகுளம் எனப்படும் இந்த மகிழம்பூவால் வந்ததுதான்.

சந்தன நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவே இருக்கும் பூ. விளிம்பெல்லாம் கிழித்துவிட்டது போல மெல்லிய இதழ்கள். விடியலில் தானாக உதிரும். நடுவிலுள்ள துளையில் நாரை நுழைத்தால் சரம் ஆகிவிடும். காய்ந்து பழுப்பேறிய பிறகும் மணம் போகாது. செம்மஞ்சள் பழத்தைப் பிள்ளைகள் துவர்க்கத் துவர்க்கத் தின்பார்கள். ஆண்டு முழுவதும் இலை அடர்ந்து நிழல் தரும்.

மகிழம் மெதுவாகத்தான் வளரும். அதுதான் எல்லோரும் சொல்லும் குறை. முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால் போதும், பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். அடிமரம்வரை சிமென்ட் பூசி மூச்சை அடைக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் குழியெடுத்து, தொழுவுரம் கலந்து, வீட்டுக்கு ஒரு மகிழம் வையுங்கள்.