"மக்கு" அல்ல அந்தப் பிள்ளை!

"எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறலியே!" என்று பிள்ளையின் தலையில் குட்டு விழுகிறது. வீட்டிலும் குட்டு, பள்ளிக்கூடத்திலும் குட்டு!

பேச்சில் அவன் கெட்டிக்காரன். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால்தான் எழுத்துக்கூட்டத் திணறுகிறான். இது "டிஸ்லெக்சியா" என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறித்தனம் அல்ல! 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று.

அடித்தால் படிப்பு வராது. எழுத்தை ஒலி ஒலியாகப் பிரித்து, மணலில் விரலால் எழுத வைத்து, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் வரும். அதற்குத்தான் சிறப்பு ஆசிரியர்கள்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்கு அவர்கள் வட்டார வள மையத்தில் இருந்து வருகிறார்கள். ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றவேண்டும். ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளியவர்கள் பலர்.

தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று 2022-ல் மத்திய அரசு கணக்கு வகுத்தது. பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது.

உத்தரவு பைலில் தூங்கினால் பிள்ளைக்கு "அ, ஆ" வருமா? ஆசிரியர்களைப் போடுங்கள்! பெற்றோர்களே, முதலில் அந்தக் குட்டை நிறுத்துங்கள்!