குளியலறைக் கதவு எப்பக்கம் திறக்க வேண்டும்?

கண்டி மாநகரில் வீடு கட்டுவோர்க்கு மலையே மதில். சரிவை வெட்டித் தட்டாக்கிய சிறு நிலத்தில், சுவரோடு சுவர் நெருங்கி இல்லங்கள் எழுகின்றன. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அரசியர் நீராடுதற்கென்றே தனி மண்டபம் ஒன்று இருந்தது. வாவிநீரில் அடித்தளம் ஊன்றி அஃது இன்றும் நிற்கின்றது. ஆங்கிலேயர் அதன்மேல் மாடியெழுப்பி நூலகமாக்கினர். குடிகளாகிய நமக்கு வாய்ப்பதோ ஐந்தடி அகலமும் ஆறடி நீளமுமாகிய ஓர் அறை. நீராட்டும் மலசலகூடமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

இத்தகைய அறையைப் புதுப்பிக்கப் புகுவோர் முதலிற் செல்லுமிடம் மாபிள் கடை. எந்நிறம், எப்பூ என்பதில் ஒரு திங்கள் கழிகின்றது. அறையில் வீணாகும் இடம் எதுவென அளந்து பார்ப்பார் அரியர். அளந்தால் முதற் குற்றவாளி கதவே என்பது விளங்கும்.

கணக்கு எளிது. அறையின் தரை 30 சதுர அடி. இரண்டரை அடி அகலமுள்ள ஒற்றைக் கதவு உட்புறமாகத் திறக்குமாயின், அது சுழலும் கால்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர அடி. அறையின் ஆறிலொரு பங்கு கதவு வந்துபோவதற்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது! அங்கே வாளி வைத்தல் இயலாது. முக்காலி இடுதல் இயலாது. அக்கதவை வெளிப்புறமாகத் திறக்கச் செய்தால் ஒரு செங்கல்லையும் பெயர்க்காமலே அவ்விடம் நமக்கு மீள்கின்றது. நிலையையும் பிணைச்சலையும் மாற்றும் கூலியோடு செலவு முடிகின்றது.

இஃது இடத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. ஈரத் தரையில் வழுக்கி விழும் முதியோர் பலர். ஐந்தடி அறையில் விழுந்தவர் பெரும்பாலும் கதவடியிலேயே கிடப்பர். கதவு உட்புறமாகத் திறப்பதாயின் அவருடைய உடலே அதற்கு முட்டாகும். வெளியே நிற்கும் மகனும் மருமகளும் எவ்வளவு தள்ளினும் பயனில்லை. பலங்கொண்டு தள்ளினால் விழுந்தவரையே நசுக்கும். வெளியே திறக்கும் கதவாயினும் உள்ளே தாழிட்டிருந்தால் நிலைமை அதுவே. ஆதலின், வேண்டும்போது வெளியிலிருந்தும் நீக்கத்தக்க தாழ்ப்பாளை இடுதல் நன்று.

மேசன்மார் இதற்கு இரு தடைகள் கூறுவர். வெளிப்புறம் திறந்தால் கதவில் வடியும் நீர் நடையில் சிந்தும் என்பது ஒன்று. தரையின் வாட்டம் நீர்போக்கியை நோக்கிச் சரியாக அமைந்து, குளிக்கும் இடம் கதவுக்கு எதிர்மூலையில் இருந்தால் கதவு பெரிதும் நனையாது. குறுகிய நடையில் வருவோர்மேல் கதவு மோதும் என்பது மற்றொன்று. இதில் உண்மை உண்டு. கதவு திறந்ததும் நடையின் சுவரோடு படிந்து நிற்குமாறு பிணைச்சலின் பக்கத்தைத் தேர்ந்தால் இடையூறு குறையும். அதுவும் இயலாவிடின் நம் முன்னோர் வீட்டு வாயிலில் இட்ட இரட்டைக் கதவை நாடலாம். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி அகலமாயின் சுழலும் பரப்பு பாதியாகின்றது. தண்டவாளத்தில் ஓடும் கதவைச் சிலர் புகழ்வர். கண்டியின் ஈரத்தில் இரும்புச் சில்லு துருவேறினால் அது முரண்டு பிடிக்கும்.

கதவுக்கு அடுத்தபடியாக வீணாவது சுவர். பழந்தமிழ் வீடுகளில் விளக்கேற்றச் சுவரிலேயே குழிவு விட்டனர். அதனை மாடம் என்றும் பிறை என்றும் வழங்கினர். மாளிகைக்கும் இச்சிறு குழிவுக்கும் மாடம் என ஒரே பெயரிட்டாரே, அவர்க்கு இடத்தின் அருமை தெரியாமலா இருந்திருக்கும்! ஒன்பதங்குலச் செங்கற் சுவராயின் கட்டும்போதே அவ்வாறொரு மாடம் விட்டுச் சவர்க்காரமும் எண்ணெயும் வைக்கலாம். நாலங்குலக் கற்சுவரைப் பின்னர்க் குடைதல் ஆகாது. கொமட்டின் நீர்த்தொட்டிக்கு மேலே வெறுமையாய் நிற்கும் சுவரில் தட்டு அறையலாம். கதவு நிலையின் மேல் இரண்டடி உயரம் எஞ்சுமாயின் அங்கே பரண் அமைக்கலாம். ஆனால் காற்று வழியை அடைக்கலாகாது, அதில் துணியும் வைக்கலாகாது, பூஞ்சணம் பிடிக்கும்.

நகரத்தாரை விட இக்கணக்கு மிக வேண்டியவர் ஹந்தானை முதலிய தோட்டங்களைச் சேர்ந்தவர். கோப்பிக் காலத்திலேயே தோன்றிய லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒன்று ஒரு குடும்பத்துக்கு வீடாயிற்று. அதில் குளியலறை ஏது? பெண்கள் இருள் பிரியுமுன் பீலிக்கரைக்குச் சென்று, உடுத்த சேலையோடு நீராடித் திரும்பினர். பின்னர்ச் சிலர் இஸ்தோப்பின் மூலையைத் தகரத்தால் மறைத்துக் குளிக்கும் இடமாக்கிக் கொண்டனர். வீண் இடத்தைப் பயன்படுத்தும் கலையை இவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இப்பொழுது இந்திய உதவியோடு மலையகத்தில் 550 சதுர அடி வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தலைமுறை பல காத்திருந்து பெறும் வீடு அது. அதில் மூதாட்டி ஒருத்தி கதவை அடைத்து, அச்சமின்றிக் குளிக்க வேண்டும். ஆகையால் வரைபடம் தீட்டும் பொறியியலாளரை ஒன்று கேட்கின்றேன். குளியலறைக் கதவுக்கு நீங்கள் வரையும் அந்தக் கால்வட்டக் கோட்டை அறைக்கு வெளியே வரையுங்கள். குளிக்கும் மூலையின் சுவரில் கைப்பிடி ஒன்றுக்கும் இடங்குறியுங்கள்.