முகம் முழுக்க கவிதை: ஷிரின் நெஷாத்தின் புகைப்படங்கள் சொல்வது என்ன?

கறுப்பு சாதர் போர்த்திய ஒரு பெண். முகத்தை இரண்டாகப் பிரிப்பது போல நடுவே துப்பாக்கிக் குழல். முகம் முழுக்க பாரசீக எழுத்துகள். பார்க்கிற பலர் 'ஏதோ மத வாசகம் போல'ன்னு கடந்துவிடுவார்கள். ஆனால், இந்தப் படவரிசையில் இருப்பது பெண் கவிஞர்களின் வரிகள்!

யார் இவர்?

ஷிரின் நெஷாத், 1957-ல் ஈரானின் கஸ்வின் நகரில் பிறந்தவர். படிக்க அமெரிக்கா போனவர், 1979 புரட்சிக்குப் பிறகு 1990-ல்தான் ஊர் திரும்பிப் பார்த்தார். நாடே மாறியிருந்தது. ஹிஜாப் சட்டப்படி கட்டாயம். அந்த அதிர்ச்சியில் உருவானதுதான் 'விமன் ஆஃப் அல்லா' (1993-97) படவரிசை.

உடலில் ஏன் எழுத்து?

சாதர் போட்டால் வெளியே தெரிவது முகம், கை, பாதம் அவ்வளவுதான். நெஷாத் எழுத்தை வைத்தது அங்கேதான். தோலில் அல்ல, அச்சிட்ட கறுப்பு-வெள்ளைப் படத்தின் மேல் மையால் எழுதினார். படத்தில் இருக்கும் பெண் வாய் திறப்பதில்லை. அவருக்காகப் பேசுவது எழுத்துதான்.

யாருடைய வரிகள்?

ஒருவர் ஃபொரூக் ஃபரோக்சாத். பெண்ணின் ஆசையையும் உடலையும் மறைக்காமல் எழுதியவர். 1967-ல் 32 வயதில் கார் விபத்தில் இறந்தார். புரட்சிக்குப் பின் அவரது கவிதைகள் தடையைச் சந்தித்தன. இன்னொருவர் தாஹிரா சஃபார்சாதே. மத நம்பிக்கையோடு புரட்சியை ஆதரித்தவர். இருவரும் நேரெதிர். 'ஈரான் பெண்' என்றால் ஒரே குரல் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

விமர்சனம் என்ன?

மேலைநாட்டுக் கண்காட்சிகளில் இதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு பாரசீகம் தெரியாது. அவர்களுக்குக் கவிதை வெறும் அலங்காரம். முக்காடும் துப்பாக்கியும் சேர்ந்து, முஸ்லிம் பெண் பற்றிய பழைய பிம்பத்தையே உறுதிப்படுத்துகிறது என்கிறார்கள் விமர்சகர்கள். தள்ளிவிட முடியாத கேள்விதான் இது.

இப்போதும் ஏன் முக்கியம்?

2022-ல், ஹிஜாப் விதியை மீறியதாக ஒழுக்கக் காவல் பிரிவு பிடித்துச் சென்ற 22 வயது மாஸா அமினி உயிரிழந்தார். 'பெண், வாழ்வு, சுதந்திரம்' முழக்கத்துடன் ஈரான் வீதிகள் கொந்தளித்தன. பெண்ணின் உடல் யாருடைய கட்டுப்பாட்டில் என்ற பிரச்னை இன்னும் தீரவில்லை.

அடுத்த முறை இந்தப் படம் உங்கள் போனில் வந்தால், துப்பாக்கியை மட்டும் பார்த்துட்டு நகராதீங்க. எழுத்து யாருடையதுன்னும் தேடிப் பாருங்க.