கெண்டை திரும்பினால் நம்புவேன்

ஆறு சுத்தமாகிவிட்டது என்று யார் சொன்னால் நம்புவது? அதிகாரி சொன்னாலா, ஆலைக்காரர் சொன்னாலா? என்னைக் கேட்டால் மீன் சொல்ல வேண்டும் என்பேன்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் பாடப் புத்தகத்தில் 'சோமோன்' என்று ஒரு மீன் வரும். சால்மன்தான் அது. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். அதைப் பிடிக்க மண்புழு வேண்டாம். இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈ மாதிரி செய்து வீசுவார்கள். ஆறு ஏறும் சால்மன் இரை எடுக்காது. ஆனாலும் அந்தப் பொய் ஈயைக் கவ்வும்!

பிரான்சின் எல்லையில் ஓடும் ரைன் ஆற்றில் ஒரு காலத்தில் சால்மன் ஏராளம். சாக்கடையும் ஆலைக் கழிவும் அணைகளும் சேர்ந்து 1950களில் அதை ஒழித்துவிட்டன. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைத்த தண்ணீர் பூச்சிமருந்தோடு ஆற்றில் இறங்கியதில் விலாங்குகள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. மறு வருஷமே ரைன் கரை நாடுகளின் அமைச்சர்கள் கூடி, 2000-க்குள் சால்மன் திரும்ப வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1990-ல் ஒரு கிளையாற்றில் முதல் மீன்கள் தென்பட்டன. பழைய எண்ணிக்கை இன்னும் வரவில்லை, பிடிக்கவும் அனுமதியில்லை. ஆனால் இலக்கு என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது.

இப்போது நம்மூருக்கு வருவோம். குடகனாறு ஆத்தூர்ப் பக்கத்து மலைகளில் இறங்கி, நம் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் வழியாக அமராவதியில் சேர்கிறது. தோல் பதனிடும் தொழில் நம் ஊருக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலம் போய் குரோமியம் வந்தது. கூடவே, பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பும் கழிவு நீரில் இறங்கியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பலர் மறந்திருப்பீர்கள். வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்குதான்; ஆனால் நம் மாவட்டமும் அதில் உண்டு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்றும் இருக்கிறது. ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். சுத்திகரிக்காவிட்டால் மூடு என்றார்கள்.

சுத்திகரிப்பு நிலையம் வந்தது, அறிக்கைகளும் வந்தன. வாழ்நாளெல்லாம் கோப்பு கட்டிய குமாஸ்தா சொல்கிறேன்: 'விதிகளுக்கு உட்பட்டு உள்ளது' என்று எழுத ஒரு நிமிஷம் போதும். மீனை அப்படி எழுத வைக்க முடியாது.

ஆனால் எந்த மீன் என்று பார்க்க வேண்டும். "குளத்தில் கெளுத்தி துள்ளுதே, தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி சாக்கடையிலும் கொழுக்கும். விராலும் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது; தண்ணீரில் கரைந்த பிராணவாயு வேண்டும். ரைனுக்குச் சால்மன் என்றால் குடகனாற்றுக்குக் கெண்டை.

"ஆற்றில் தண்ணீரே இல்லையே, மீனுக்கு எங்கே போக?" என்று கேட்பீர்கள். தண்ணீர் குறைந்த ஆற்றில்தான் கழிவு கரையாமல் நிற்கும். அங்கேதான் கண்காணிப்பு அதிகம் வேண்டும். வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், ஆத்தூர் அணைக்குக் கீழே ஒன்று, திண்டுக்கல் தாண்டி ஒன்று, வேடசந்தூரில் ஒன்று என மூன்று இடத்தில் வலை வீசி, கிடைத்த மீன் வகைகளை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடட்டும். பெரிய செலவில்லை.

அதற்கு முன் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. எந்த ஓடையில், எந்தக் குளத்தில், எந்த வருஷம் வரை என்ன மீன் பிடித்தோம் என்பது எழுபதைத் தாண்டிய நமக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. ஒரு தாளில் எழுதி அடுத்த கிராம சபையில் கொடுத்துவிடுங்கள். நாம் போய்விட்டால், எதைத் திரும்பக் கேட்பது என்றே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.